முதலாண்டு மாணவர்களை வரவேற்க ஒரு சீனியருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி: பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக்குப் போகிறேன். என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), துறைச் சங்கம் இரண்டிலும் வேலை செய்திருக்கிறேன். வரும் கல்வியாண்டில் முதலாண்டு மாணவர்களை வரவேற்கும் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். இதுவரை செய்த வேலை இதற்கு உதவுமா? புதிதாக என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்:

நிறையவே உதவும். ஆனால் எந்த வேலை எதற்கு உதவும் என்று சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். வரவேற்புக் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது, மைக் பிடித்துக் கூச்சமில்லாமல் பேசுகிறவர்களைத்தான் பெரும்பாலும் முதலில் தேடுவார்கள். முதலாண்டு மாணவருக்கு அந்தத் திறமையால் கிடைக்கும் பயன் குறைவு. இந்தக் கல்லூரியில் எந்தக் காரியம் எந்த மேசையில் நடக்கும் என்று தெரிந்தவர் அவருக்கு வேண்டும். கூட்டத்தில் ஓரமாக நிற்கும் ஒருவர் மேல் தானாகவே கண் போகிறவர் வேண்டும். சங்கங்களிலும் முகாம்களிலும் உழைத்தவர்களுக்கு இந்த இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்திருக்கும்.

துறைச் சங்கத்திலிருந்து தொடங்குவோம். சிம்போசியத்தில் (துறை நடத்தும் கருத்தரங்கில்) பதிவு மேசையில் உட்கார்ந்தவருக்கு வரிசை எப்படி நகரும், எங்கே அடைத்துக்கொள்ளும் என்று தெரியும். சேர்க்கை நாளில் வேறு எதையும்விட அதுதான் பயன்படும். கணக்கைப் பாருங்கள். ஒரு மாணவரின் ஆவணங்களைச் சரிபார்த்து ரசீது கொடுக்க 4 நிமிடம் என்றால், ஒரு மேசையில் மணிக்கு 15 பேர். நான்கு மேசைகளில் 60 பேர். 300 பேர் வந்தால் 5 மணி நேரம். காகிதத்தில் இது சரியாகத்தான் இருக்கும். நடைமுறையில் ஒருவரிடம் புகைப்படம் இருக்காது, இன்னொருவர் நகல் எடுத்திருக்க மாட்டார், மற்றொருவரின் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து விடுபட்டிருக்கும். அப்படி ஒவ்வொருவரும் மேசையிலேயே நின்று சரிசெய்தால், ஆளுக்குப் பதினைந்து நிமிடம் போய்விடும். பின்னால் நிற்பவர்கள், இரவெல்லாம் பேருந்தில் வந்தவர்கள், வெயிலில் நிற்பார்கள்.

இதற்கு மேசைகளைக் கூட்டிப் பயனில்லை. மேசைக்கு இருபது அடி முன்னால் இரண்டு தொண்டர்களை நிறுத்துங்கள். ஒவ்வொருவரின் ஆவணக் கோப்பையும் அங்கேயே பார்க்கட்டும்: ஒதுக்கீட்டு ஆணை, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படங்கள், குடும்பத்திலேயே முதலாவதாகப் பட்டம் படிக்க வருபவர்களுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழும் அதோடு சேர்ந்த கூட்டு உறுதிமொழியும். எது குறைகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, ஜெராக்ஸ் கடை இருக்கும் திசையைக் காட்டி அனுப்பினால், திரும்பி வரும்போது அவரை வரிசையின் கடைசிக்குத் தள்ளாமல் உள்ளே விட்டுவிடலாம். சிக்கலானவர்களுக்கென்று தனி மேசை ஒன்று போடுங்கள். பெயரில் எழுத்து மாறியிருப்பது, கல்விக் கடன் இன்னும் வராதது, அப்பா இல்லாமல் மாமா கூட்டி வந்திருப்பது போன்றவை அங்கே போகட்டும். அந்த மேசையில் அலுவலக ஊழியர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மாணவத் தொண்டர் யாரும் அசல் சான்றிதழைக் கையில் வாங்கவே கூடாது. ஒன்று தொலைந்தாலும் அந்தக் குடும்பம் மாதக்கணக்கில் அலைய நேரும்.

ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியும் வரிசையை நிறுத்தும் ஒன்று. மாணவரும் பெற்றோரும் ஒவ்வோர் ஆண்டும் தர வேண்டியது. இப்போது இணையத்தில் நிரப்புகிறார்கள். இதற்கு மின்னஞ்சல் முகவரி வேண்டும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிற பலருக்கு, பள்ளியிலோ கணினி மையத்திலோ யாரோ உருவாக்கிக் கொடுத்த மின்னஞ்சல்தான் இருக்கும், கடவுச்சொல் தெரியாது. மடிக்கணினியோடு இரண்டு பேர் இதற்கென்றே உட்கார்ந்தால் போதும். புதிய கணக்கு திறந்து, கடவுச்சொல்லை மாணவரையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் தட்டச்சு செய்யாதீர்கள், உங்கள் நோட்டில் எழுதி வைக்காதீர்கள்.

அடுத்து என்.எஸ்.எஸ். 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், ஒரு தொண்டர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். அந்த ஏழு நாட்களில் தெரியாத ஒரு கிராமத்தில் நீங்கள் புதியவர். எந்தக் குழாயில் குடிக்கிற தண்ணீர் வரும், யாரிடம் கேட்டால் பள்ளிச் சாவி கிடைக்கும், எந்தப் பேச்சை அங்கே எடுக்கக் கூடாது என்று எதுவும் தெரியாமல் போய் இறங்கியிருப்பீர்கள். முதல் நாள் உங்களுக்கு எது தெரியாமல் இருந்தது என்பதை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். குடிநீர், கழிப்பறை, சாப்பாட்டு நேரம், யாரைக் கேட்பது, எப்போது திரும்புவது: ஏறக்குறைய அதே பட்டியல்தான் முதலாண்டு மாணவரின் முதல் நாள். சொந்தக் கல்லூரியில் இரண்டு வருடம் இருந்தவருக்கு இவையெல்லாம் கண்ணில் படாமல் போய்விடும்.

முகாமிலிருந்து இன்னொரு பழக்கமும் கிடைக்கிறது. என்.எஸ்.எஸ்.ஸை நடத்தும் ஆசிரியரான திட்ட அலுவலர் நல்லவராக இருந்தால், முகாமுக்கு முன்பே தொண்டர்களை வீடு வீடாக அனுப்பி என்ன தேவை என்று கேட்கச் சொல்வார். கேட்காமல் போன முகாம்களில், ஊருக்கு வேண்டியது ஒன்று, மாணவர்கள் செய்துவிட்டு வருவது ஒன்று என்று ஆகிவிடும். வரவேற்பிலும் இதே தவறு நடக்கிறது. கல்லூரியின் பெருமைகள், வேலைவாய்ப்புப் புள்ளிவிவரங்கள், வாங்கிய கோப்பைகள் என்று இரண்டு மணி நேரம் பேசுவார்கள். கேட்டுக்கொண்டிருப்பவருக்கோ, மதியம் எங்கே சாப்பிடுவது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதுதான் மனதில் ஓடும். முந்தைய ஆண்டு சேர்ந்தவர்களிடம் ஜூனிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: முதல் வாரத்தில் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டது எது? பத்துப் பேரிடம் கேட்டாலே உங்கள் வரவேற்பின் பொருளடக்கம் கிடைத்துவிடும்.

ரத்ததான முகாமில் நின்றவர்களுக்கு வேறொரு பயிற்சி உண்டு. முகம் வெளுப்பது, நெற்றியில் வியர்ப்பது, பேச்சு நிற்பது என்று, ஒருவர் மயங்கி விழும் முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும். சேர்க்கை நாளிலும் தொடக்க விழாவிலும் இது நேரடியாகவே வேண்டியிருக்கிறது. காலைச் சாப்பாடு இல்லாமல் வந்து அரங்கத்தில் உட்கார்ந்தவர்கள் மயங்குவார்கள். உடனே படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள். முழு நினைவு திரும்பும் முன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மருத்துவ அறை எங்கே, அன்று அங்கே செவிலியர் இருக்கிறாரா என்பதை விழாவுக்கு முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். அந்தக் கண்ணுக்கு வேறு பயனும் உண்டு. இடைவேளையில் எல்லோரும் கூட்டம் கூட்டமாக நிற்கும்போது தனியாகத் தூணருகே போனைப் பார்ப்பதுபோல நிற்கும் ஒருவரை, இந்தத் தொண்டர்கள்தான் முதலில் கவனிப்பார்கள்.

விடுதி மெஸ் குழுவில் இருந்தவர்களை வரவேற்புக் குழுவில் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். முதல் இரவு எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பெற்றோர் கிளம்பிய மாலை ஆறிலிருந்து இரவு பத்து வரைதான் கடினமான நேரம். அந்த நேரத்தில் பெரிய நிகழ்ச்சி எதுவும் தேவையில்லை. அறைக்கு ஒருவராகப் போய், பூட்டு, வாளி, கொசுவத்தி, சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டு, இல்லாததை வாங்க ஐந்து பேராகக் கடைக்குக் கூட்டிப் போனால் போதும். கூடவே நடந்த ஐந்து பேரும் அதற்குள் ஒருவருக்கொருவர் பெயர் தெரிந்துகொண்டிருப்பார்கள். ஆனால் முதலாண்டு விடுதிக்குள் சீனியர்கள் போகக் கூடாது என்று பல கல்லூரிகளில் விதி இருக்கிறது. புதியவர்களைத் தனிப் பிரிவில் தங்க வைக்கச் சொல்லித்தான் ராகிங் தடுப்பு விதிகளும் சொல்கின்றன. எனவே வார்டனின் எழுத்துபூர்வ அனுமதியோடு, வார்டன் அல்லது துணை வார்டன் உடன் இருக்கும்போது மட்டும் செல்லுங்கள். அனுமதி கிடைக்கவில்லை என்றால் இதே வேலையை மெஸ்ஸில் சாப்பாட்டு நேரத்தில் செய்யலாம்.

வகுப்புப் பிரதிநிதியாக இருந்தவருக்கோ கடிதம் போகும் பாதை தெரியும். வகுப்பு ஆலோசகர், துறைத் தலைவர், பிறகு முதல்வர் அலுவலகம் என்று எந்தக் கையெழுத்துக்குப் பிறகு எந்தக் கையெழுத்து, எந்த எழுத்தர் மதியம் மூன்றுக்கு மேல் விண்ணப்பம் வாங்க மாட்டார், இந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்று காட்டும் போனஃபைட் சான்றிதழ் கேட்டால் எத்தனை நாளாகும் என்றெல்லாம். வங்கிக் கடன், பேருந்துச் சலுகை அட்டை, உதவித்தொகை என்று முதல் மாதத்தில் எதற்கெடுத்தாலும் போனஃபைட் கேட்பார்கள் என்பதால், ஒரே கடிதத்தில் இரண்டு மூன்று பிரதிகள் கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.

மேடை நிகழ்ச்சிகளையும் கல்ச்சுரல்ஸையும் நடத்தியவர்களுக்கும் இடம் உண்டு. ஒலிபெருக்கி, இருக்கை, நேர அட்டவணை எல்லாம் அவர்கள் கையில் சரியாக நடக்கும். ஆனால் புதியவர்களோடு தனித்தனியாகப் பேசும் பொறுப்பை அவர்களுக்குத்தான் முதலில் தர வேண்டும் என்றில்லை. அதிகம் பேசாத, பொறுமையாகக் கேட்கிற, நூலகக் குழுவிலோ என்.சி.சி.யிலோ இருந்த ஒருவர் அதற்குப் பொருத்தமாக இருக்கலாம்.

இனி விதிகளைப் பார்ப்போம். வரவேற்பும் ராகிங்கும் ஒரே இடத்தில், ஒரே ஆட்களுக்கு இடையில் நடப்பவை என்பதால், இதைத் தெரியாமல் இந்தப் பொறுப்பை ஏற்கவே கூடாது. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவரைக் கல்லூரியிலிருந்து நீக்க வேண்டும், வேறு கல்வி நிறுவனத்திலும் சேர்க்கக் கூடாது. 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிமுறைகள் நாடு முழுவதற்கும் பொருந்தும். அடிப்பது, மிரட்டுவது மட்டும் அவற்றில் ராகிங் இல்லை. கூச்சப்படும்படி ஒன்றைச் செய்யச் சொல்வது, தன் ரெக்கார்டு நோட்டை முதலாண்டு மாணவரை எழுத வைப்பது, காசு செலவழிக்க வைப்பது, தோற்றத்தையோ ஊரையோ சொல்லிக் கேலி செய்வது எல்லாமே அதற்குள் வரும். ‘சும்மா ஒரு பாட்டுப் பாடு தம்பி’ என்பதும், பாட விருப்பமில்லாதவர் பத்துப் பேர் முன்னால் நின்றால் அதில் அடங்கிவிடும். ‘சார்’ என்று கூப்பிடச் சொல்வதும் அப்படித்தான். அண்ணா, அக்கா என்று அவர்களாகவே கூப்பிட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் ‘நீங்க’ என்றே தொடங்குங்கள்.

இதே 2009 விதிமுறைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் கல்வியாண்டின் முடிவில், அடுத்த ஆண்டு வரப்போகும் புதியவர்களுக்காகத் தாமாக முன்வரும் மாணவர்களைக் கொண்டு வழிகாட்டிக் குழு ஒன்றை அமைக்க வேண்டும். ஆறு புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி. அப்படி ஆறு வழிகாட்டிகளுக்கு மேல்நிலை வழிகாட்டி ஒருவர். 300 பேர் சேரும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலிருந்து 50 பேர், அவர்களுக்கு மூன்றாம் ஆண்டிலிருந்து 9 பேர், அவர்களுக்கு இறுதியாண்டிலிருந்து 2 பேர் போதும். நீங்கள் மூன்றாம் ஆண்டு என்பதால் உங்கள் இடம் அந்த 9 பேரில் இருக்க வேண்டும். முதலாண்டு மாணவர்களை நேரடியாகப் பார்ப்பதைவிட, ஆறு இரண்டாமாண்டு வழிகாட்டிகள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று பார்ப்பதுதான் உங்கள் முக்கிய வேலை. சங்கத்தில் பொறுப்பு வகித்தவருக்கு இது புதிதில்லை. வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பின்தொடர்ந்து கேட்கிற பழக்கம் அங்கேயே வந்திருக்கும்.

ஆறு என்ற எண்ணை விட்டுக்கொடுக்காதீர்கள். தொண்டர்கள் போதவில்லை என்று பதினைந்து, இருபது என்று ஏற்றினால், வழிகாட்டி ஒரு வாட்ஸ்அப் குழுவின் அட்மினாக மட்டும் மாறிவிடுவார். ஆறு பேர் என்றால் பெயர், ஊர்ப் பக்கம், விடுதியா வீட்டிலிருந்து வருகிறவரா, எந்தப் பாடத்தில் பயம் என்று எல்லாம் நினைவில் நிற்கும். முதல் வாரத்துக்குள் ஒரு முறை, முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு முன் ஒரு முறை, மதிப்பெண் வந்ததும் ஒரு முறை என்று மூன்று சந்திப்புகளுக்குத் தேதி குறித்துவிடுங்கள். மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவர் முதல் தேர்வில் முப்பது வாங்கும் வாரத்தில்தான் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

சந்திப்பு பகலில், வகுப்பறையிலோ நூலக முற்றத்திலோ, ஆசிரியர் பார்வையில் படும் இடத்தில் இருக்கட்டும். இரவில், விடுதி மாடியில், கல்லூரிக்கு வெளியே வேண்டாம். உங்கள் எண்ணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அங்கே வரச் சொல்லப்பட்ட புதியவருக்கு மறுக்கும் தைரியம் இருக்காது. துறைவாரியான அறிமுக விழாவும் வகுப்புகள் தொடங்கி இரண்டு வாரத்துக்குள், ஆசிரியர்களோடு சேர்ந்து நடப்பதே நல்லது என்று விதிமுறைகள் சொல்கின்றன.

அந்த முதல் சந்திப்பில் கேட்கக் கூடாத கேள்விகள் சில உண்டு. ‘கட்-ஆஃப் எவ்வளவு?’ என்பது அவற்றில் முதலாவது. கேட்பவருக்கு அது சாதாரணமான கேள்வி. ஆனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் இடஒதுக்கீட்டு வகுப்புவாரியான கட்-ஆஃப் வெளியாகிற மாநிலத்தில், எண்ணைச் சொன்ன உடனேயே அவர் எந்த ஒதுக்கீட்டில் வந்தார் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். அது சாதியைக் கேட்பதற்குச் சமம். ‘கவுன்சலிங்கா, மேனேஜ்மென்ட்டா?’ என்பதும் அப்படியே. அப்பாவின் வேலை, ஊரில் எந்தத் தெரு என்பவற்றையும் தொடாதீர்கள். எந்தப் பேருந்தில் வருகிறீர்கள், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், பள்ளியில் எந்த ஆசிரியரைப் பிடிக்கும், எந்த விளையாட்டு என்று கேளுங்கள். காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் என்று தெரிந்தால், அவரால் மாலை ஆறு மணிச் சங்கக் கூட்டத்துக்கு வர முடியாது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

இதே கவனம் உதவித்தொகை விஷயத்திலும் வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படாததுதான், அல்லது பெயர் ஓரிடத்தில் தலைப்பெழுத்தோடும் இன்னோரிடத்தில் இல்லாமலும் இருப்பதுதான். இதை முதல் வாரத்திலேயே வங்கிக்குப் போய்ச் சரிசெய்ய வேண்டும். ஆனால் வகுப்பில் நின்று ‘அரசுப் பள்ளி மாணவர்கள் கை தூக்குங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எல்லாத் திட்டங்களையும், பொறுப்பாசிரியர் உட்காரும் அறையையும், நேரத்தையும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால், வேண்டியவர்கள் தாமாகப் போவார்கள்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் ஒரு மாதம் மிகக் கடினம். 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் தமிழ்வழிக் கல்வி இருந்தாலும், பெரும்பாலானவர்களுக்கு வகுப்பு ஆங்கிலத்தில்தான். கணக்கு தெரியும், அதைச் சொல்லும் சொல் தெரியாது. வகைக்கெழு என்று படித்தவர், கரும்பலகையில் டெரிவேட்டிவ் என்று எழுதியதும் புதுப் பாடம் என்று நினைத்துத் தடுமாறுவார். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றுக்கும் சேர்த்து, பள்ளிப் பாடநூலில் உள்ள தமிழ்ச் சொல்லும் வகுப்பில் புழங்கும் சொல்லுமாக இருநூறு சொற்களை நான்கு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ், ஆங்கிலப் பாடநூல்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடிகிற வேலைதான். வரவேற்பு நிகழ்ச்சியையும் தமிழில் நடத்துங்கள். வெளிமாநில மாணவர்கள் இருந்தால் முக்கிய அறிவிப்புகளை ஆங்கிலத்தில் ஒரு முறை திருப்பிச் சொன்னால் போதும்.

கல்லூரியைச் சுற்றிக் காட்டுவதில் நடக்கும் தவறு, முதன்மைக் கட்டடத்திலிருந்து தொடங்கி ஆய்வகம் ஆய்வகமாகக் கூட்டிப்போவது. மாணவர்கள் தினமும் நுழையப்போகும் வாசலில், அல்லது கல்லூரிப் பேருந்து நிற்கும் இடத்தில் தொடங்குங்கள். ஒருவருடன் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், பின்னால் வருபவருக்குக் காது கேட்காது. நாற்பது நிமிடத்துக்குள் முடியட்டும். குடிநீர், கழிப்பறைகள் (மாணவியர் பகுதியில் நாப்கின் இயந்திரம் எது வேலை செய்கிறது என்பது உட்பட, இதை மாணவித் தொண்டர்தான் காட்ட வேண்டும்), மருத்துவ அறை, கட்டணக் கவுண்டர், முதலாண்டு வகுப்பறைகள், நூலகம், கேன்டீன், ஏ.டி.எம்., ஜெராக்ஸ் கடை. ஆய்வகங்களை அந்தந்தத் துறை பிறகு காட்டிக்கொள்ளும். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ வருபவர் இருக்கிறாரா என்று முன்பே அலுவலகத்தில் கேட்டு, சாய்தளம் உள்ள வழியை எல்லோருக்கும் ஒரே வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அவரை மட்டும் தனியாக வேறு பக்கம் அனுப்பாதீர்கள்.

வாட்ஸ்அப் குழு இல்லாமல் இன்று எதுவும் நடக்காது, ஆனால் அங்கேதான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. 300 பேர் உள்ள சாதாரணக் குழுவில் எல்லா மாணவியரின் எண்களும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாளில் தெரியாத எண்களிலிருந்து ‘ஹாய்’ வரத் தொடங்கும். கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும். அதைப் பயன்படுத்துங்கள். அட்மின்களாக ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் போதும். அதில் ஒருவர் மாணவியாக இருக்கட்டும். சேர்க்கைப் படிவத்திலிருந்து எண்களை எடுத்து நீங்களாகச் சேர்க்காமல், க்யூஆர் குறியீட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டி அவர்களாகச் சேர விடுங்கள்.

சங்க அனுபவம் கெடுதலாக மாறும் இடங்களும் உண்டு. தன் சங்கத்துக்கு ஆள் பிடிப்பது அதில் முதலிடம். சங்கத்தில் உழைத்தவருக்கு அதன்மேல் பற்று இருப்பது இயல்பு. ஆனால் வழிகாட்டியாக உட்கார்ந்திருக்கும் அண்ணனோ அக்காவோ கேட்டால், புதியவர் மறுக்கத் தெரியாமல் பெயர் கொடுத்துவிடுவார். சங்கங்களுக்கென்று மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி, எல்லாச் சங்கங்களும் சமமாக மேசை போடட்டும். அதுவரை வழிகாட்டிகள் யாரும் உறுப்பினர் சேர்க்கக் கூடாது என்று எழுதி வைத்துவிடுங்கள். இன்னொன்று, தங்களைப் போன்றவர்களையே தேடிப் போவது. சுறுசுறுப்பாகக் கேள்வி கேட்கும் புதியவர்களிடமே எல்லாத் தொண்டர்களும் பேசிக்கொண்டிருப்பார்கள். பேசாதவருக்கு யாரும் இருக்க மாட்டார்கள். ஆறு பேர் பட்டியல் முன்கூட்டியே குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் இது குறையும். தொண்டர்களின் சொந்தப் படிப்பும் இடிபடும். 75 விழுக்காடு வருகைப்பதிவு உங்களுக்கும் பொருந்தும் என்பதால், முதலாண்டு மாணவர்களுக்கான தொடக்கப் பயிற்சி நடக்கும் மூன்று வாரமும் யாரும் முழுநேரம் நிற்காதபடி முறை வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி வேலைக்காக வகுப்புக்கு வராததை வருகையாக ஏற்கச் சொல்லும் ஓ.டி. கடிதத்தில் கையெழுத்தை நிகழ்ச்சிக்கு முன்பே வாங்கிவிடுங்கள். முடிந்த பிறகு அலைந்தால் கிடைப்பது கடினம்.

எந்தச் சங்கமும் கற்றுத்தராத ஒன்று உண்டு: எங்கே நிறுத்திக்கொள்வது என்பது. வீட்டு நினைவால் அழுகிறவருடன் உட்கார்ந்து பேசலாம், சாப்பிடக் கூட்டிப் போகலாம். இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, வகுப்புக்கு வரவில்லை என்றால், அல்லது ‘இருந்து என்ன பயன்’ என்பதுபோல ஒரு வார்த்தை வந்தால், அது உங்கள் அளவைத் தாண்டியது. அன்றே கல்லூரி ஆலோசகரிடமோ வார்டனிடமோ நீங்களே கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடாதீர்கள். ‘உனக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் பெரியவர்களிடம் சொல்வேன், வேறு எதையும் சொல்ல மாட்டேன்’ என்று தொடக்கத்திலேயே சொன்னால், பிறகு நம்பிக்கை உடையாது. ராகிங் புகார் என்றால் சமரசம் பேச நீங்கள் உட்கார வேண்டாம். ராகிங் தடுப்புக் குழுவிடம் அன்றே போக வேண்டும். கல்லூரியில் சொல்லப் பயந்தால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

தாமதமாக வருபவர்களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரவேற்பு ஏற்பாடுகள் எல்லாமே முதல் நாள் வருபவர்களுக்காகவே செய்யப்படுகின்றன. பொதுக் கலந்தாய்வுக்குப் பிறகு நடக்கும் துணைக் கலந்தாய்வில் இடம் கிடைத்தவர்கள் வகுப்புகள் தொடங்கிய பிறகு வந்து சேர்வார்கள். அவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்புத் துணைத் தேர்வு எழுதித் தேறியவர்கள்; வரவேற்பு மிகவும் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான். வந்து பார்த்தால் நட்புக் கூட்டங்கள் அமைந்திருக்கும், மூன்று பாடம் முடிந்திருக்கும். டிப்ளமா முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களின் நிலையும் இதேதான். தொடக்கப் பயிற்சி முதலாண்டுக்கு மட்டும் என்பதால் யாரும் அவர்களை வரவேற்பதே இல்லை. செய்முறையில் அவர்கள் கைதேர்ந்தவர்கள், ஆனால் முதலாண்டுக் கணிதம் படிக்காமல் நேராக மூன்றாம் செமஸ்டர் கணிதத்துக்கு வந்திருப்பார்கள். உங்கள் 50 வழிகாட்டிகளில் நான்கைந்து பேருக்குத் தொடக்கத்தில் யாரையும் ஒதுக்காமல் காலியாக வையுங்கள். தாமதமாக வருபவர்களை அவர்களிடம் ஒப்படைக்கலாம். டிப்ளமாவிலிருந்து வருபவர்களுக்கு, முந்தைய ஆண்டு அதே வழியில் வந்து இப்போது மூன்றாம் ஆண்டில் இருப்பவரைத் தேடிப் பிடித்துப் போடுங்கள். முதல் மூன்று வார அறிவிப்புகளையும் சுற்றிக் காட்டும் பாதையையும் சொல்பட்டியலையும் ஒரே கோப்பாக வைத்திருந்தால், அவர்கள் வரும் நாளில் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை.

செப்டம்பர் முடியும் முன் ஒவ்வொரு வழிகாட்டியிடமும் தன் ஆறு பேர் கேட்ட கேள்விகளைப் பெயரில்லாமல் எழுதி வாங்குங்கள். எந்த மேசையில் எத்தனை நிமிடம் ஆனது, எந்த ஆவணம் அதிகம் விடுபட்டது, எந்தத் தகவலைத் தவறாகச் சொன்னோம் என்பதையும் அதில் சேருங்கள். அந்தக் கோப்பு உங்கள் போனில் கிடந்தால் நீங்கள் படித்து முடித்ததும் போய்விடும். துறைச் சங்கத்தின் பொது மின்னஞ்சல் கணக்கில் ஏற்றி, ஒரு அச்சுப் பிரதியை வழிகாட்டிக் குழுவின் பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த குழுவுக்குப் பெயர் எடுப்பது ஏப்ரலில் நடக்கும். இந்த ஆண்டு உங்களிடம் அதிகம் கேள்வி கேட்ட முதலாண்டு மாணவர்களின் பெயர்களையும் அப்போது அவரிடம் சொல்லுங்கள்.